வன்னிக் கலியாணத்தில் பிற நாட்டுச் சடங்குகள்: எதை எடுக்கலாம், எதை விடலாம்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். கேட்ட தங்கச்சி கிளிநொச்சிப் பக்கம். மாப்பிள்ளை நோர்வேயில் வளர்ந்த எங்கள் பெடியன். வைகாசியில் மண்டபத்தில் கலியாணம், அவரோடு படித்த நோர்வேக்காரர் சிலரும் வருகிறார்கள். இணையத்தில் பார்த்த வெளிநாட்டுச் சடங்குகளில் சிலவற்றைச் சேர்க்க இருவருக்கும் ஆசை. பெரிய பட்டியலே அனுப்பியிருக்கிறார். அதோடு வீட்டு நிலைமையையும் எழுதியிருக்கிறார். அப்பா 2009 இல் காணாமல் ஆக்கப்பட்டவர். அம்மா இன்றைக்கும் பொட்டு வைக்கிறார், ஆனால் சொந்தத்தில் சிலர் "அவ ஆலாத்தி எடுக்கிறது சரிவராது" என்று கதைக்கிறார்கள். அம்மம்மா 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத் தோட்டத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்.

நான் ஐயருமில்லை, மணவறை சோடிக்கிறவனுமில்லை. கலியாணங்களில் மைக் பிடிக்கிறவன். சடங்கு நடக்கிற இரண்டு மணித்தியாலமும் மணவறைக்கும் சனத்துக்கும் நடுவில் நிற்கிறதால், எது சனத்திடம் போய்ச் சேருகிறது, எது வீடியோக்காரரின் முதுகோடு நின்றுவிடுகிறது என்று எனக்குத் தெரியும். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

தங்கச்சி, உங்கள் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு கேள்வியை எழுதிப் பாருங்கள்: இதை யார் செய்யப்போகிறார்கள்? "நானும் அவரும், கமராவுக்கு" என்று பதில் வந்தால் வெட்டிவிடுங்கள். அன்றைக்குச் சும்மா கதிரையில் இருந்துவிட்டுச் சாப்பிட்டுப் போகப்போகிற ஒருவருக்கு, அல்லது முன்னுக்கு வரத் தயங்கி நிற்கப்போகிற ஒருவருக்கு, அது ஒரு வேலையைக் கொடுக்குமென்றால் வைத்திருங்கள். இப்படிக் கழித்தால் மூன்று நான்குதான் மிஞ்சும். அது போதும்.

"எங்கட முறையைக் கெடுக்கிறாள்" என்று ஒரு பெரியப்பா கட்டாயம் சொல்வார். அவருக்காக இது. வன்னியில் ஒரே றோட்டில் மூன்று விதமாகக் கலியாணம் நடக்கும். பழைய வன்னிக் கிராமத்து ஆக்கள், குடியேற்றத் திட்டங்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், மலையகத்திலிருந்து வந்தவர்கள், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு ஒழுங்கு. மன்னார், முல்லைத்தீவுக் கத்தோலிக்கர் கோயிலில் மோதிரமும் மாற்றித் தாலியும் கட்டுகிறார்கள். சைவக் கலியாணத்திலேயே வெட்டுகிற கேக் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. மருதோண்டி எங்களுடையதுதான், ஆனால் அதை ஒரு தனி இரவுக் கொண்டாட்டமாக்கியது வடக்கு இந்தியச் சினிமா. ஆதிகாலத்து வழக்கம் என்று பலர் நினைக்கிற ஆங்கிலேயரின் வெள்ளைக் கலியாண உடுப்பே, விக்டோரியா மகாராணி 1840 இல் வெள்ளை உடுத்துக் கலியாணம் கட்டிய பிறகுதான் பரவலானது. கடன் வாங்காத கலியாணம் எங்கேயும் இல்லை, பெரியப்பா.

சரி, பட்டியலுக்கு வருவோம்.

உங்கள் வீட்டுக்கு மிகவும் பொருந்துவது சீனரின் தேத்தண்ணிச் சடங்கு. பட்டியலின் அடியில் கேள்விக்குறியோடு போட்டிருக்கிறீர்கள், அதை மேலே கொண்டுவாருங்கள். சீனக் கலியாணத்தில் மணமக்கள் முழந்தாளிட்டு, அல்லது குனிந்து, இரண்டு கையாலும் தேநீர்க் கோப்பையைப் பெரியவர்களுக்கு நீட்டுவார்கள். வயதும் முறையும் பார்த்து, மூத்தவரிலிருந்து ஒவ்வொருவராக. சில இடங்களில் தேநீருக்குள் செம்பேரீச்சையும் தாமரை விதையும் போடுவார்கள். கொடுக்கும்போது அந்த ஆளை உறவுமுறை சொல்லிக் கூப்பிட வேண்டும். அதுதான் முக்கியம். நேற்று வரை வேறு வீட்டு ஆளாக இருந்தவரை இன்றைக்கு முறைப்படி கூப்பிட்டாகிறது. அவர் ஒரு மிடறு குடித்து, வாழ்த்தி, சிவப்பு உறைக்குள் பணமோ நகையோ கொடுப்பார்.

இதில் தேத்தண்ணி வாங்கிக்கொள்ள ஒருவர் சுமங்கலியாக இருக்கவேண்டும் என்ற கணக்கு இல்லை. பெரியவராக இருந்தால் போதும். எங்கள் மணவறைச் சடங்குகளில் பெரும்பாலானவை சோடியாக நிற்கிற ஆக்களைத்தான் கேட்கின்றன. வன்னியில் 2009 க்குப் பிறகு எத்தனை வீட்டில் சோடி இருக்கிறது? பெற்று வளர்த்து, தனியாகச் சீட்டுப் பிடித்து, நகை செய்து, மண்டபத்துக்கும் காசு கட்டிய தாய், தாலி கட்டுகிற நேரம் தூணோடு நிற்கிறதை நான் நிறையக் கண்டிருக்கிறேன். யாரும் போகச் சொல்லியிருக்க மாட்டார்கள், அவவே ஒதுங்கியிருப்பா. அந்த அம்மாவை ஒரு கதிரையில் நடுவில் இருத்தி, மருமகன் முழந்தாளிட்டு "மாமி" என்று கூப்பிட்டுக் கோப்பையை நீட்டினால், அதற்கு ஐயரிடமும் கேட்கத் தேவையில்லை, சொந்தத்திடமும் கேட்கத் தேவையில்லை.

இனி அம்மம்மா. இலங்கையில் தேயிலை வர்த்தகப் பயிராகத் தொடங்கியது 1867 இல், லூல்கந்துரைத் தோட்டத்தில், ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரரின் கையால். அதற்குப் பிறகு அந்தக் கொழுந்தைப் பறித்தது உங்கள் அம்மம்மாவைப் போன்றவர்களின் கை. ஆகவே தேத்தண்ணி உங்கள் வீட்டுக்குச் சீனாவிலிருந்து வரவேண்டிய சாமானில்லை. முதல் கோப்பை அவவுக்கு.

எப்படிச் செய்யலாம் என்றால், மண்டபத்தில் வேண்டாம். தாலி ஏறி அறுகரிசி போட்டவுடன் சனம் சாப்பாட்டு அறைக்குப் போய்விடும். மேளகாரரும் கட்டத் தொடங்கிவிடுவார்கள். பின்னேரம் வீட்டு விறாந்தையில் செய்யுங்கள். சீனரும் பெரும்பாலும் வீட்டில்தான் செய்வார்கள். மூக்குப்பேணி இருந்தால் எடுத்து மினுக்கி வையுங்கள், ஆனால் கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள், பித்தளை கையைச் சுட்டுவிடும். வெறுந்தேத்தண்ணி, பக்கத்தில் ஒரு துண்டுப் பனங்கட்டி. பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். நீண்டால் எல்லாரும் கைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் கலந்து வயதுப்படி கூப்பிடுங்கள், மாப்பிள்ளை பக்கம் முதல் என்று பிரிக்காதீர்கள்.

ஆலாத்தி விஷயத்தில் எனக்கு அந்தச் சொந்தக்காரரோடு உடன்பாடில்லை. காணாமல் போனவரின் மனைவி யார் என்று தீர்மானிக்க அவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? ஆனால் கலியாணத்துக்கு முதல் நாள் அதை வைத்து ஒரு சண்டை தொடங்கினால் அடிபடுவது அம்மாதான். அவவுக்கு எடுக்க விருப்பமென்றால் ஐயரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் "அம்மா வரட்டும்" என்று மைக்கில் சொன்னால் பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அவவுக்கு விருப்பமில்லை என்றால் வேறு வழி இருக்கிறது. யூதக் கலியாணத்தில் பெண்ணைத் தாயும் தகப்பனுமாக மணப்பந்தல் வரை கூட்டிக்கொண்டு போவார்கள், மாப்பிள்ளையையும் அப்படித்தான். சுவீடனில் மணமக்கள் இருவரும் ஒன்றாகவே நடந்து வருவது வழக்கம். எங்களிடம் மணவறைக்கு நடந்து வருவதற்கு மந்திரம் எதுவும் இல்லை. தோழி ஒரு பக்கம் வரட்டும், மற்றப் பக்கம் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வரட்டும். கன்னிகாதானத்துக்கு மாமாவும் மாமியும் இருப்பார்கள். அதை மாற்றத் தேவையில்லை.

அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெளிநாட்டுக் கலியாணங்களில் இல்லாதவருக்காக ஒரு வெறுங்கதிரை வைப்பது, படத்துக்கு முன் மெழுகுதிரி கொளுத்துவது என்றெல்லாம் இருக்கிறது. எங்கள் கண்ணுக்குப் படமும் விளக்கும் ஒன்றாக வந்தால் ஒரே அர்த்தம்தான். அம்மா இன்னும் ஏற்றுக்கொள்ளாத ஒன்றை மண்டபத்தில் நீங்கள் அறிவித்ததாகிவிடும். செய்யாதீர்கள்.

யூதரிடம் இன்னொன்று இருக்கிறது. சடங்கு முடிகிற இடத்தில் மாப்பிள்ளை ஒரு கண்ணாடிக் குவளையை, துணியால் சுற்றி, காலால் மிதித்து உடைப்பார். கி.பி. 70 இல் எருசலேம் ஆலயம் அழிக்கப்பட்டதை நினைவுகூர என்பது அதற்குச் சொல்லப்படுகிற விளக்கங்களில் பெரியது. மகிழ்ச்சியின் உச்சியில், இழந்ததற்கும் ஒரு கணத்தைச் சடங்கிலேயே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். எங்களிடம் அந்தக் கணம் இல்லை, அதனால்தான் எங்கள் பெண்கள் சமையல் கொட்டிலுக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருகிறார்கள். குவளை உடைக்கச் சொல்லவில்லை. அது அவர்களுடைய வரலாறு, தவிர எங்கள் கலியாண வீட்டில் கண்ணாடி உடைந்தால் நடக்கிற கூத்து வேறு. எடுக்கவேண்டியது அவர்களின் ஏழு வாழ்த்துகளை. விருந்துகளில் அந்த ஏழையும் வெவ்வேறு ஆக்களிடம் பகிர்ந்து கொடுப்பார்கள். நீங்களும் ஏழு பேரைத் தெரிவுசெய்யுங்கள். அப்பாவின் தங்கச்சி, அப்பாவோடு வயல் செய்த சிநேகிதர், உங்களுக்குப் படிப்பித்த ஒரு ரீச்சர், மாப்பிள்ளையின் நோர்வே நண்பர் ஒருவர், இப்படி. ஆளுக்கு இரண்டு வசனம், எழுதி வைத்து வாசிக்கவேண்டும். அப்பாவின் பெயர் அதில் தானாக வரும்.

இதற்கு இடம் எங்கே என்றால், நீங்கள் கூறை மாற்றப் போகிற நேரம். கூறைத் தட்டை வாங்கிக்கொண்டு பெண் உள்ளே போனால் திரும்பி வர அரை மணித்தியாலம் கூட ஆகும். மாப்பிள்ளை தனியாக முழித்துக்கொண்டிருப்பார், சனம் கதைக்கத் தொடங்கும், மேளகாரர் சினிமாப் பாட்டுக்கு இறங்குவார். கலியாணத்தில் வீணாகிற நேரமென்றால் அதுதான். நீங்கள் உள்ளே இருப்பதால் கேட்க முடியாதே என்றால், ஒலிபெருக்கி உடுப்பு மாற்றுகிற அறைக்கும் கேட்கும், கவலை வேண்டாம். வாசித்த தாள்களை ஒரு கோவையில் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

அழைப்பிதழில் கவனம். பெற்றோர் பெயர் போடுகிற இடத்தில் அச்சகத்தில் இருக்கிற பிள்ளை "அமரர் போடுறதோ?" என்று சாதாரணமாகக் கேட்கும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் அந்த இடத்தில் அவ உடைந்துவிடுவா. நீங்களே எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள், "திரு." என்று மட்டும்.

அடுத்தது குவேக்கர்களுடையது, எனக்கு மிகவும் பிடித்தது. இங்கிலாந்தில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவு அவர்கள். கலியாணத்தை நடத்திவைக்கக் குருவானவர் என்று யாரும் இல்லை. எல்லாரும் அமைதியாக இருப்பார்கள், மணமக்கள் எழும்பி ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுப்பார்கள். முடிந்ததும் வந்திருக்கிற அத்தனை பேரும், பிள்ளைகள் உட்பட, ஒரே பத்திரத்தில் சாட்சியாகக் கையெழுத்து வைப்பார்கள். அதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

வன்னியில் இதன் பெறுமதியை நான் விளக்கத் தேவையில்லை. எங்களில் எத்தனை பேரிடம் பெற்றோரின் கலியாண அல்பம் இருக்கிறது? இடம்பெயர்வில் விட்டது, தாட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்து தேடியபோது கறையான் தின்றிருந்தது, பதுங்குகுழியோடு போனது. ஊரே வந்து நடந்த கலியாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று சொல்ல ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. ஆகவே கலியாண எழுத்து ஒரு பக்கம் சட்டப்படி பதிவாகட்டும், அதில் இரண்டு சாட்சி போதும். இன்னொரு பக்கம் ஊர்ச் சாட்சி இருக்கட்டும். ஏ2 அளவில் நல்ல தடித்த காகிதம், மேலே இரண்டு பெயரும் திகதியும் இடமும். சந்தனம், குங்குமம், கற்கண்டு வைக்கிற மேசையில் வைக்காதீர்கள், ஒரு மணித்தியாலத்தில் மஞ்சளாகிவிடும். தனி மேசை, இரண்டு பேனை, பொறுப்பாகக் கையெழுத்து அழகான ஒரு தம்பி. நீரில் கரையாத மையாக இருக்கவேண்டும். வரமுடியாத வெளிநாட்டுச் சொந்தங்களின் பெயரை இன்னொருவர் எழுதக்கூடாது, வந்தவர் மட்டும். கையெழுத்து வைக்கத் தெரியாத ஆச்சி கைநாட்டு வைக்கட்டும், அதுதான் அந்தத் தாளிலேயே நல்ல இடம். அடுத்த நாளே படமெடுத்து மூன்று நாட்டில் மூன்று பேரிடம் அனுப்பிவிடுங்கள்.

நீளுகிறது, மற்றதைச் சுருக்குகிறேன்.

யூதரிடமிருந்து இன்னும் ஒன்று: சடங்கு முடிந்ததும் மணமக்கள் இருவரும் ஒரு அறைக்குள் சிறிது நேரம் தனியாக இருப்பார்கள். விரதம் இருந்தவர்கள் அங்கேதான் முதல் வாய் சாப்பிடுவார்கள். கதவுக்கு வெளியே ஆள் நிற்கும். நீங்களும் விடியற்காலை தொடக்கம் பட்டினி, தாலி ஏறியதும் படம் பிடிப்பு, பின்னேரம் மூன்று மணிக்குத்தான் சோறு. மயங்கி விழுந்த பெண்களை நான் கண்டிருக்கிறேன். இருபது நிமிடம், இடியப்பமும் சொதியும், தோழன் கதவடியில் காவல். படக்காரரிடம் அதை நேர அட்டவணையில் எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் "ஒரு நிமிசம் அக்கா" என்று உள்ளே வருவார்.

சிங்களவரின் மணமேடையான போறுவவில், பெண்ணின் தாய்க்கு ஒரு வெள்ளைத் துணியைக் கொடுப்பார்கள், ஊட்டிய பாலுக்கு நன்றியாக. உலகம் முழுக்கத் தேடி எழுதிய உங்கள் பட்டியலில் இந்தத் தீவிலேயே இருக்கிற இது இல்லை. எங்கள் வீட்டில் வெள்ளைத் துணி என்றால் வேறு நினைப்பு வரும், ஆகவே நிறச் சேலையாக, மாப்பிள்ளை கையால், தேத்தண்ணி கொடுக்கிறபோதே கொடுத்துவிடலாம்.

கயிற்றால் கையைக் கட்டுகிற ஸ்கொட்லாந்து வழக்கம், பிலிப்பைன்ஸ், மெக்சிக்கோக் கத்தோலிக்கர் எட்டு வடிவில் தோளில் போடுகிற கயிறு, இரண்டும் அழகுதான். எங்களிடம் காப்புக் கட்டும், தாலி கட்டும், கைப்பிடித்தலும் இருக்கிறதே, இனி எதைக் கட்டுவது? நைஜீரியாவின் யொருபா மக்கள் போல எல்லாருக்கும் ஒரே துணியில் உடுப்பு என்பதும் வேண்டாம். அங்கேயே விருந்தாளிகளுக்கு அது செலவு என்று முணுமுணுப்பு உண்டு. நாட்கூலிக்குப் போகிற மச்சாளிடம் "இந்தச் சேலைதான் வாங்கு" என்று எப்படிச் சொல்வீர்கள்?

துடைப்பத்தைத் தாண்டுகிற சடங்கையும் எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களுக்குச் சட்டப்படி கலியாணம் செய்ய உரிமை இல்லாத காலத்தில், அவர்கள் தங்களுக்குள் கலியாணத்தை நிறைவேற்றிய முறைகளில் அது ஒன்று. அவர்களுடைய பிள்ளைகள் அதைச் செய்யட்டும். தவிர, விளக்குமாற்றை மணவறைக்குக் கொண்டுவந்தால் உங்கள் அம்மம்மா எழும்பிப் போய்விடுவா. வானத்துக்கு விடுகிற தீ விளக்கும் வேண்டாம். அது தாய்லாந்தில் திருவிழாவுக்கு விடுவது, வைகாசியில் இங்கே காடு காய்ந்துபோய்க் கிடக்கும்.

இரண்டு கடற்கரை மண்ணைக் கண்ணாடிப் போத்தலில் கலப்பது என்று ஒன்று, முல்லைத்தீவு மண்ணும் நோர்வே மண்ணும். இது அமெரிக்காவில் அண்மைக் காலத்தில் பரவிய வழக்கம், அதில் தவறில்லை. ஆனால் அந்தக் கரையில் என்ன நடந்தது என்று அங்கே இருக்கிற பாதிப் பேருக்கு உடம்பால் தெரியும். எனக்கு மனம் வரவில்லை.

மாப்பிள்ளை பக்கத்து நோர்வேக்காரருக்கும் ஏதாவது கொடுக்கவேண்டும். நோர்வேயில் கலியாண விருந்தென்றால் பேச்சு, பேச்சு, பேச்சு. பேச விரும்புகிறவர் முன்கூட்டியே விருந்தை நடத்துகிறவரிடம் பெயர் கொடுக்கவேண்டும் என்ற ஒழுங்கை அப்படியே எடுங்கள், மைக்குக்காரனாகக் கெஞ்சிக் கேட்கிறேன். கண்ணாடிக் குவளையை எல்லாரும் கரண்டியால் தட்டினால் மணமக்கள் கதிரையில் ஏறி நின்று முத்தமிடவேண்டும் என்றும் அங்கே ஒன்று இருக்கிறது. அதை ஒஸ்லோவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தங்கள் தேசிய உடையில் வர ஆசைப்பட்டால், அது கம்பளி என்பதையும் மண்டபத்து மின்விசிறிகளின் நிலைமையையும் சொல்லிவிடுங்கள்.

உண்மையில் அவர்கள் வாயைப் பிளந்து பார்க்கப்போவது தாலிக்குப் பொன் உருக்குகிற பொன்னுருக்கலைத்தான். பத்தர் வந்திருந்து, ஊதி, பொன் நாணயம் கண்முன்னே கரைந்து ஒரு துளியாகத் திரண்டு நிற்க, அதை வெற்றிலையில் வைத்து வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் காட்டுவது. இப்போது பல வீடுகளில் நகைக்கடையிலேயே முடித்துவிடுகிறார்கள். மாப்பிள்ளை முதலே வந்து நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் சொந்தக்காரர் வீடொன்றில் முறையாகச் செய்யுங்கள், நண்பர்களையும் இருத்துங்கள். பொன்னுருக்கின பிறகு கலியாணம் வரை நீங்கள் இருவரும் பார்க்கக்கூடாது என்பதையும் அவர்களுக்குச் சொல்லிவைத்தால் தூது போக ஆள் கிடைக்கும். கன்னிக்காலுக்கும் அப்படித்தான். மண்டபத்தில் ஒரு குழாயில் சேலையைச் சுற்றி நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான முள்முருக்கந் தடியை வீட்டில் ஊன்றித் தண்ணீர் விட்டால் அது துளிர்க்கும். மரம் நடுகிற வெளிநாட்டுச் சடங்கு என்று நீங்கள் எழுதியிருப்பதற்கு வேறு கன்று வாங்கத் தேவையில்லை.

ஐயரிடம் கதைக்கும்போது "புதிதாகச் சடங்கு சேர்க்கிறோம்" என்று தொடங்காதீர்கள். வைகாசி முகூர்த்த நாளென்றால் அவருக்கு அதே நாளில் இன்னொரு கலியாணமும் இருக்கும், அவருடைய பயம் நேரம்தான். கூறை மாற்றுகிற இடைவெளியில் ஏழு பேர் வாழ்த்து, தாலிக்குப் பிறகு இருபது நிமிடம் சாப்பாடு, மற்றதெல்லாம் அவர் போன பிறகு என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அதே தாளின் பிரதி மேளகாரருக்கும் வீடியோக்காரருக்கும் மைக்குக்காரருக்கும் போகவேண்டும். எல்லாவற்றுக்கும் முதல் அம்மாவிடம் கேளுங்கள். எல்லாரும் பார்க்க நடுவில் இருப்பது அவவுக்குக் கூச்சமாக இருக்கலாம். அப்படியென்றால் தேத்தண்ணியை விறாந்தையிலிருந்து அறைக்குள் மாற்றிவிடுங்கள், கமராவையும் வெளியே விட்டுவிடுங்கள்.